கழுத்தைப் பார்த்தார்களா?

ரத்தம் எடுக்க வருகிற நர்ஸ் முழங்கையைத் தட்டித் தட்டி, "நரம்பே கிடைக்கலையே" என்கிறார். கை மரத்துப்போனால் "நரம்புத் தளர்ச்சி" என்கிறோம். ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டால், "மூளைக்குப் போற நரம்பு அடைச்சிடுச்சாம்" என்று தெருவில் பேசிக்கொள்கிறோம். மூன்று இடத்திலும் சொல் ஒன்று, பொருள் வேறு. நர்ஸ் தேடுவது சிரையை; இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் குழாய் அது. மரத்துப்போன கையில் இருப்பது நிஜமான நரம்பு. மின்கம்பி மாதிரி செய்தி கடத்துவது. தெருவில் பேசிக்கொண்டது தமனியைப் பற்றி. இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் ஏறும் குழாய். பேச்சுத் தமிழின் இந்தச் சிக்கனத்தால் மற்ற நாட்களில் யாருக்கும் கெடுதல் இல்லை. பக்கவாதத்தின்போது இருக்கிறது. கோளாறு நரம்பில் என்று நினைக்கிறவர் நரம்பைத்தான் கவனிப்பார். எண்ணெய் போட்டு உருவுவார், சிவப்பாக இருக்கும் 'நரம்பு ஊசி' போடச் சொல்லிக் கேட்பார், விழுந்த கையில் புறா ரத்தம் தேய்ப்பார். இவ்வளவும் நடந்து முடியும்வரை அடைபட்ட குழாய் அடைபட்டபடியே இருக்கும். பெரிய தமனி ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. ஒரு மணி நேரம் எண்ணெய் உருவினால் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியிலிருந்து எழும்போதே ஒருவர் சரிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் கிடையாது, வயது முப்பத்தைந்து. "இந்த வயசுல இவனுக்கு எப்படிப் பக்கவாதம் வரும்?" என்பது முதல் கேள்வி. ஊரிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக உண்டு. முனி அடித்துவிட்டது என்பது ஒன்று. தலையெழுத்து என்பது மற்றொன்று. இரண்டுமே அதற்குமேல் தேட வேண்டாம் என்று சொல்லும் பதில்கள். கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, உலகத்தில் பக்கவாதத்துக்கான காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கை உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கொழுப்பு, இதயக் கோளாறு போன்ற பத்து அம்சங்களுக்குள் அடக்கிவிட முடிகிறது என்று காட்டியது. ஆனால் அது எல்லா வயதையும் சேர்த்துப் போட்ட கணக்கு. காஞ்சிக்குப் பக்கத்து ஊரான வேலூரில் பக்கவாதம் வந்தவர்களை மக்களிடையே சென்று எண்ணிய ஆய்வு 1970-இல் வெளிவந்தது. இந்த நாட்டில் இப்படிக் கணக்கெடுத்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு வந்த இந்திய மருத்துவமனைப் பதிவுகள் பலவற்றில், பக்கவாத நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதத்தினர் 40 வயதைத் தாண்டாதவர்கள். இவர்களிடம் தேட வேண்டிய காரணங்களின் வரிசையே வேறு. கழுத்துத் தமனியின் சுவர் பிரிவதால் வருவது மொத்தப் பக்கவாதத்தில் 2 சதவீதம்தான். இளம் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பத்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை ஏறுகிறது. நூறில் இரண்டை அரிது என்று சொல்லலாம். நான்கில் ஒன்றை அப்படிச் சொல்ல முடியாது.

சுவர் பிரிவது என்றால் என்ன? மூளைக்கு ரத்தம் நான்கு குழாய்களில் ஏறுகிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு. தொட்டால் துடிப்பு தெரியும். பின்புறம் இரண்டு, கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகளுக்குள், அச்சுப் பல்லில் பாவிழை கோத்ததுபோல் நுழைந்து நுழைந்து மேலே போகின்றன. குழாய்ச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் சின்னக் கிழிசல் விழுந்தால் ரத்தம் அதன் வழியாக அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். லைனிங் பிரிந்த கோட்டுக்குள் அவசரமாகக் கையை விட்டால், கை சட்டைக்கையில் போகாமல் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளுமே, அப்படி. உள்ளே புகுந்த ரத்தம் வீங்கிப் பாதையைக் குறுக்கலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே மூளைக்குப் போய் அடைக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, பிளவுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோ கிடைக்கிறது என்பது. அந்த இடைவெளியில் உடம்பு சொல்லிப்பார்க்கிறது. இதற்குமுன் வந்தே இராத மாதிரி ஒருபக்கக் கழுத்துவலி அல்லது தலைவலி. ஒரு கண் இமை லேசாகத் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் சிறுத்திருப்பது. காதுக்குள் இதயத் துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று கேட்பது. நம் ஊரில் இவற்றுக்கு முறையே தலையணைச் சுளுக்கு, தூக்கக் கலக்கம், காதில் அழுக்கு என்று பெயர் வைத்துத் தைலத்தோடு முடித்துவிடுகிறோம். ஐரோப்பிய நோயாளிகளைப் பெரிய அளவில் ஆராய்ந்தபோது, இந்தப் பிளவு வந்தவர்களின் சராசரி வயது நாற்பதுகளின் நடுவில் இருந்தது. உடல் பருமனும் கூடுதல் கொழுப்பும் இவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டன. "ஒல்லியான ஆள், அவருக்கு எதுவும் வராது" என்ற தைரியம் இங்கே செல்லாது.

அடுத்த நம்பிக்கை சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. முடிவெட்டி முடித்ததும் தாடையையும் பிடரியையும் பிடித்து இடமும் வலமும் ஒரு வெட்டு. 'மடக்' என்று சொடக்கு விழுந்தால் வாயு கலைந்தது, நரம்பு விட்டுவிட்டது என்று திருப்தி. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் காற்றுக்குமிழி போடுவது. விரலில் நெட்டி முறிப்பதும் அதுவேதான். எந்த நரம்பும் அதில் விடுபடுவதில்லை. "முப்பது வருஷமா எடுத்துக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்பது வழக்கமான மறுப்பு. அது பொய்யில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று ஆராய்ச்சியாளர்களிடமிருந்தே வந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2008-இல் வெளியான ஆய்வில், கழுத்தைத் திருப்பி வைத்தியம் செய்பவரிடம் போன இளவயதினருக்குப் பின்கழுத்துத் தமனிப் பக்கவாதம் கூடுதலாக இருந்தது. ஆனால் கழுத்தைத் தொடாத சாதாரண மருத்துவரிடம் போனவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் பிளவு முன்பே விழுந்து, அந்த வலியோடுதான் இவர்கள் வைத்தியரைத் தேடிப் போயிருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கமும் 2014-இல், தொடர்பு தெரிகிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டது. இதை மறைத்துவிட்டுப் பயம் காட்டுவது நேர்மையாகாது. ஆனால் அந்த வாதத்தை அதன் முடிவுவரை பின்தொடர்ந்தால் எங்கே போய் நிற்கிறது? கழுத்துவலியோடு வருகிறவரின் தமனி ஏற்கெனவே பிளந்திருக்கலாம் என்றால், அந்தக் கழுத்தைப் பிடித்து வெட்டித் திருப்புவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். லாபம் ஒரு சத்தம். நஷ்டம் எப்போதாவது ஒரு பக்கம் விழுவது. சுளுக்கு எடுக்கிறவர் கால் முதலில் பிறந்தவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து ஜரிகை பார்க்கும் நெசவாளிக்கும், தண்டைத் தோளில் ஏற்றிக் கழுத்தைச் சாய்த்துப் பெருமாளைச் சுமக்கும் சீர்பாதந்தாங்கிக்கும் இதனால் பக்கவாதம் வரும் என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. கழுத்துத் தமனி அவ்வளவு இலேசில் கிழியும் பண்டமில்லை. 2014 நவம்பரில் சிட்னியில் பவுன்சர் கழுத்தில் பட்டு ஆஸ்திரேலிய வீரர் ஃபில் ஹியூஸ் இறந்தது பின்கழுத்துத் தமனி பிளந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்ததால். அப்படியொரு சாவு மருத்துவ ஏடுகளிலேயே அபூர்வம் என்பதால்தான் உலகம் திகைத்தது. தறியை விட வேண்டிய அவசியமில்லை. கழுத்தை வெட்டிவிடுவதை விட்டால் போதும்.

கழுத்தை வெட்டாமல் வெறுமனே மடக்கியபோதும் பக்கவாதம் வந்த சம்பவம் ஒன்று ஹைதராபாத்தில் 2022-இல் நடந்தது; அதை இங்கே விரித்துச் சொல்வது தகும். அழகு நிலையத்தில் கழுத்தைப் பின்னால் மடக்கித் தொட்டியில் தலை கழுவிக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண்மணிக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வாந்தியும் வந்தன. முதலில் பார்த்தது வயிற்று மருத்துவர். மறுநாள் நடையில் தள்ளாட்டம் தெரிந்த பிறகே நரம்பியல் மருத்துவர் சுதிர் குமாரிடம் வந்தார், எம்.ஆர்.ஐ. படத்தில் வலது பக்கம் சிறுமூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் செத்திருந்தது தெரிந்தது. அமெரிக்க நரம்பியலாளர் மைக்கேல் வெயின்ட்ராப் 1993-இல் ஐந்து பெண்களை வைத்து எழுதி, 'அழகு நிலையப் பக்கவாதம்' என்று பெயர் வாங்கிய அதே நிலைமை. நம் வீடுகளில் தலைசுற்றி வாந்தி வந்தால் அது பித்தம். எலுமிச்சம்பழமும் சீரகத் தண்ணீரும் வரும். தலைசுற்றலில் பெரும்பகுதி பக்கவாதமே அல்ல என்பதால் இந்தப் பழக்கம் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, பிடிக்காமல் நிற்க முடியாவிட்டாலோ அது பித்தமில்லை. கை கால் விழாமல், வாய் கோணாமலும் பக்கவாதம் வரும். பின்கழுத்துத் தமனிகளின் கோளாறு பெரும்பாலும் அந்த வேடத்தில்தான் வருகிறது.

அந்தப் பெண்மணியின் படத்தில் இன்னொன்றும் இருந்தது: இடதுபக்கப் பின்கழுத்துத் தமனி பிறவியிலேயே மெலிந்தது. சேதம் வலப்பக்கத்தில், மெலிவு இடப்பக்கத்தில். முரணாகத் தோன்றும். காஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மூளையின் அடியில் நான்கு குழாய்களும் கூடி ஒரு வளையம் ஆகின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-இல் எழுதிய புத்தகத்தில் விளக்கிய இந்த வளையத்தை வரைந்து தந்தவர், பிறகு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். நான்கு ராஜ வீதிகளைப் போன்ற ஏற்பாடு. வைகாசியில் கருட சேவைக்குப் பெருமாள் எழுந்தருளும் காலையில் ஒரு வீதி அடைபட்டால், வண்டிகள் அடுத்த வீதியைச் சுற்றிப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் மாற்று வீதி முட்டுச்சந்தாகவோ, சைக்கிள் மட்டும் நுழையும் சந்தாகவோ இருந்தால்? மற்ற நாளில் யாருக்கும் அது ஒரு குறையாகவே தெரியாது. பெரிய வீதி அடைபடும் அந்த ஒருநாள்தான் தெரியும். வலப்பக்கக் குழாய் தொட்டி விளிம்பில் மடங்கி நசுங்கியபோது, ஈடுகட்ட வேண்டிய இடப்பக்கம் சந்தாக இருந்தது என்றே நான் பொருள் கொள்கிறேன். அவருக்கு ரத்த அழுத்தமும் உண்டு, அதற்கு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை அரைகுறையாகும். அரிய காரணமும் சாதாரணக் காரணமும் ஒரே உடம்பில் குடியிருக்கத் தடையில்லை.

இங்கேதான் எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறது. "பின்கழுத்துத் தமனி மெலிந்துள்ளது", "வளையத்தில் இணைப்பு இல்லை" என்று ஒரு வரி இருந்தால் போதும், வீடே தூங்குவதில்லை. வில்லிஸின் வளையம் பாடப்புத்தகப் படம்போல் முழுமையாக அமைந்திருப்பவர்கள் மனிதர்களில் பாதிப்பேர்கூட இல்லை. பின்கழுத்துத் தமனிகளில் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலும் இடதுதான் பெரிது. இதயத்துக்கு மேலே பெருந்தமனியிலிருந்து கிளைகள் பிரிவதில் ஒரு வகைக்கு 'மாட்டு வளைவு' என்றே பெயர். பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் மாட்டுக்கு அது அப்படி இருப்பதில்லை. இவையெல்லாம் அமைப்பின் வேறுபாடுகள். நோய் அல்ல, சிகிச்சையும் தேவையில்லை. வேறுபாட்டைப் பார்த்துப் பயந்து 'அடைப்பை நீக்குகிறோம்' என்று விற்கப்படும் கஷாயங்களுக்கும் ஊசிகளுக்கும் பணம் கட்டுகிறவர், இல்லாத அடைப்புக்குக் கட்டுகிறார்.

நோயாகவே எண்ண வேண்டிய அமைப்புகள் வேறு. குழந்தை வீறிட்டு அழுகிறது, அழுது முடிந்ததும் ஒரு கை பத்து நிமிஷம் தொங்குகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. சூடான பாலை ஊதி ஊதிக் குடித்ததும், பலூன் ஊதியதும், புல்லாங்குழல் பழகியதும் அதேபோல் நடக்கிறது. வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள், வலிப்பு என்பார்கள், தோஷம் என்று மந்திரிக்கவும் அழைத்துப் போவார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நல்ல குழாயுள்ள குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மூளையின் அடியில் தமனிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வரும் 'மோயாமோயா' என்ற நோயுள்ள குழந்தைக்கு அதுவே போதும். குறுகிய குழாய்களுக்குப் பதிலாக நூலிழைக் குழாய்கள் கொத்துக் கொத்தாக முளைத்து, படத்தில் சாம்பிராணிப் புகை மாதிரி கலங்கித் தெரியும். ஜப்பானிய மொழியில் அந்தப் புகைமூட்டத்துக்கான சொல்லையே 1969-இல் சுசூகி, தகாகு என்ற மருத்துவர்கள் பெயராக வைத்தார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் அதிகம். இந்திய மருத்துவமனைகளிலும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தலைத்தோலுக்கு ரத்தம் தரும் தமனியை மண்டையோட்டின் வழியே உள்ளே கொண்டுபோய் மூளைத் தமனியோடு தைத்துவிடும் அறுவை சிகிச்சை இதற்கு உண்டு. பிடிவாதம் என்று அதட்டி உட்காரவைத்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

நம் நாட்டில் இதைவிட அதிகம் பார்க்கக் கிடைப்பது தகயாசு நோய். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஒருவர் விவரித்தது. பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகும். பெரும்பாலும் நாற்பதைத் தொடாத பெண்களுக்கு. 'நாடியில்லா நோய்' என்ற பெயரும் உண்டு, மணிக்கட்டில் துடிப்பே கிடைக்காது என்பதால். நாடி பிடித்துப் பார்க்கும் மரபுள்ள ஊரில்கூட, பி.பி. பார்ப்பதைப் பெரும்பாலும் ஒரு கையோடு நிறுத்திக்கொள்கிறோம். சோர்வு, துணி துவைத்தால் கை ஓய்ந்துபோவது, அடிக்கடி கிறுகிறுப்பு என்று சொல்லும் இளம்பெண்ணுக்கு இரண்டு கையிலும் பி.பி. பார்க்கக் கூடுதலாக ஒரு நிமிஷம்தான் ஆகும். இன்னொரு கோளாறு, முன்கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தட்டு. கால்வாயில் கல் ஒன்று துருத்தியிருந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழன்று குப்பை சேரும்; இங்கே ரத்தம் சுழன்று உறைகிறது. குழாய் குறுகாததால் கழுத்து டாப்ளரில் பல நேரம் 'இயல்பு' என்றே வந்துவிடும். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. படத்தில்தான் பிடிபடும்.

"பெயரைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றுக்கும் ஆஸ்பிரின்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. சுவர்ப் பிளவைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரை வைத்து 2015-இல் வெளியான சோதனையில், ஆஸ்பிரின் வகை மாத்திரைக்கும் ரத்த உறைவைத் தடுக்கும் வலுவான மருந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கத்திலும் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான பிளவுகள் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஆறியும்விடுகின்றன. ஆனால் தகயாசுவுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு வேண்டும், மோயாமோயாவுக்கு அறுவை வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் தட்டுக்கு ஸ்டென்டோ அறுவையோ தேவைப்படலாம். இங்கெல்லாம் ஆஸ்பிரினை மட்டும் கொடுத்து அனுப்புவது கோளாறை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த அடைப்புக்குக் காத்திருப்பது. எல்லாம் தேடியும் காரணம் அகப்படாமல் போகும் நோயாளிகளும் கணிசமாக உண்டு. தேடி அகப்படாமல் போவது வேறு, தேடாமலே விடுவது வேறு.

தேடுவதெல்லாம் பிறகு. முதல் சில மணி நேரத்துக்கு, காரணம் அரிதோ சாதாரணமோ, வழி ஒன்றுதான். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு. கழுத்துத் தமனி பிளந்து வந்த பக்கவாதத்துக்கும் அதைப் போடலாம். கம்பி நுழைத்துக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை, படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூடப் பயன்படுகிறது என்று 2018-இல் உறுதியானது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரிகள் நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் என்பது ஊருக்கே தெரியும். அதனால் தெரிந்தவர், சொந்தக்காரர், பக்கத்துக் கிளினிக் என்று சுற்றாமல் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போவதே சரி. போனதும் கேட்பார்கள்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" அதற்குப் பதில் சொல்லும்போது, "மூணு நாளா இடது பக்கம் கழுத்து வலின்னு சொல்லிக்கிட்டிருந்தார், முந்தாநாள் சுளுக்கு எடுத்துக்கிட்டார்" என்பதையும் விடாமல் சொல்லிவிட வேண்டும். தலையோடு நிறுத்திக்கொள்ளவிருந்த சி.டி. படத்தை, நெஞ்சின் மேல்வளைவிலிருந்து கழுத்து முழுக்க எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான்.